பகா எண்களின் கூடுதல்: ஒற்றையா இரட்டையா என்று இடறும்போது எங்கே பார்ப்பது

நம்பியூரில் மாலை நேர டியூஷன் நடத்துகிறேன். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளும் வருவார்கள், பனியன் கம்பெனி வேலை முடிந்து பஸ் இறங்கி நேராக வந்து குரூப் 4-க்குப் படிக்கும் அக்காக்களும் வருவார்கள். வயது எதுவானாலும் ஒரு கோளாறு எல்லோருக்கும் பொது. பகா எண்களை, அதாவது 1-ஆலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடும் 2, 3, 5, 7 மாதிரி எண்களை, கூட்டும் கணக்கில், ஒற்றையாக வர வேண்டிய விடை இரட்டையாக வந்து நிற்கும், அல்லது இரட்டை ஒற்றையாகும். இல்லாவிட்டால் "இதுக்கு விடையே இல்லீங்க சார்" என்று நோட்டை மூடிவிடுவார்கள். வருடக்கணக்கில் இதையே சரி செய்து சரி செய்து, எந்த அறிகுறிக்கு முதலில் எங்கே கை வைப்பது என்று ஒரு வரிசை படிந்துவிட்டது. அதை எழுதி வைக்கிறேன்.

வரிசை என்னுடையதல்ல, என் அப்பாவுடையது. அவர் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருந்தார். தோட்டத்து மோட்டாரைக் கழற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்குபவரிடம் அவர் கேட்கும் முதல் கேள்வி, "ஏனுங்க, மூணு ஃபேஸும் வருதான்னு பாத்தீங்களா?" பலர் மோட்டாரைத் திரும்ப ஏற்றிக்கொண்டு போவார்கள். காசில்லாத சோதனை முதலில், காயிலைப் பிரிப்பது கடைசியில்.

## எதையும் பிரிப்பதற்கு முன்

புளியங்கொட்டையை உள்ளங்கையில் மூடிக்கொண்டு "ஒத்தையா ரெட்டையா?" என்று கேட்டு விளையாடியிருப்பீர்கள். கையைத் திறந்ததும் கொட்டைகளை இரண்டிரண்டாகத் தள்ளி, கடைசியில் ஒன்று தனியாக நிற்கிறதா என்று பார்ப்போம். கூட்டலிலும் அதேதான். இரட்டை எண் உள்ளே வந்தாலும் வெளியே போனாலும் தீர்ப்பு மாறாது. ஒற்றை எண்கள்தான் இரண்டிரண்டாகச் சோடி சேரும். சோடியில்லாமல் ஒன்று நின்றால் கூடுதல் ஒற்றை, நிற்காவிட்டால் இரட்டை.

பகா எண்களில் 2 ஒன்றுதான் இரட்டை. ஆகவே கூட்டத் தொடங்கும் முன்பே கேட்க வேண்டியவை இரண்டு. பட்டியலில் 2 இருக்கிறதா? அதை ஒதுக்கினால் மீதி எத்தனை எண்கள்? மீதி எண்ணிக்கை ஒற்றையானால் கூடுதலும் ஒற்றை, இரட்டையானால் இரட்டை. இதைப் பார்த்துவிட்டு நோட்டின் ஓரத்தில் 'ஒ' அல்லது 'இ' என்று பென்சிலால் குறித்துவைக்கச் சொல்வேன். கூட்டி முடித்த விடை அந்தக் குறியோடு ஒத்துப்போகவில்லையென்றால் கீழே உள்ள வரிசையில் தேடுங்கள்.

## அறிகுறி: இரண்டு பகா எண்களின் கூடுதல் ஒற்றை எண், சோடி அகப்படவில்லை

"இரண்டு பகா எண்களின் கூடுதல் 39. அவற்றின் பெருக்கற்பலன் என்ன?" ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் 19 + 20, 17 + 22, 13 + 26, 11 + 28 என்று அரைப் பக்கத்தை நிரப்பியிருந்தான். எல்லா வரியிலும் இரண்டாவது எண் இரட்டையாக வந்து நிற்பது அவன் கண்ணில் படவில்லை.

முதலில் பார்க்க வேண்டியது: 2. இரண்டு எண்களின் கூடுதல் ஒற்றையென்றால் ஒன்று ஒற்றை, ஒன்று இரட்டை. பகா எண்ணில் இரட்டை என்றால் 2 மட்டுமே. 39-இல் 2 போனால் 37. பெருக்கற்பலன் 74. வேறு சோடி கிடையாது, தேடவும் வேண்டாம்.

2-ஐக் கழித்தும் சரிவரவில்லையா? கழித்த மிச்சத்தைச் சோதியுங்கள். கூடுதல் 51 என்றால் மிச்சம் 49. அது 7 × 7, பகா எண் அல்ல. அப்படியானால் சோடியே இல்லை. இந்த இடத்தில் பிள்ளைகளுக்குப் பயம் வந்துவிடும், எதையாவது எழுதியாக வேண்டும் என்று 4 + 47 என எழுதுவார்கள். "இல்லை" என்பதும் விடைதான், தைரியமாக எழுதலாம்.

இல்லை என்று எழுதும் முன் ஒரு நிமிடம்: கேள்வியைப் பலகையிலிருந்து சரியாகப் பார்த்து எழுதினார்களா? 61 என்று இருந்ததை 51 என்று எழுதிக்கொண்டு வந்து மல்லுக்கட்டியவர்கள் என் திண்ணையில் நிறையப் பேர். 61 என்றால் 2 + 59, அரை நிமிட வேலை.

வித்தியாசத்துக்கும் இதே மருந்து. இரண்டு பகா எண்களின் வித்தியாசம் 45 என்றால் 2, 47. வித்தியாசம் 7 என்றால் 2-உம் 9-உம் வர வேண்டும். 9 பகு எண் (3 × 3, பகா எண் அல்ல), ஆகவே இல்லை.

## அறிகுறி: மூன்று பகா எண்களின் கூடுதல் இரட்டை, எங்கே தொடங்குவதென்றே தெரியவில்லை

"மூன்று பகா எண்களின் கூடுதல் 60. அவற்றில் ஒன்று மற்றொன்றைவிட 36 அதிகம்." மூன்று தெரியாத எண்கள், இரண்டே செய்திகள் என்று பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் கையை விரிப்பார்கள். மூன்றாவது செய்தி கேள்விக்குள்ளேயே இருக்கிறது. மூன்றும் ஒற்றையாக இருந்தால் கூடுதல் ஒற்றையாகத்தான் வரும். 60 இரட்டை, ஆகவே ஒன்று 2. மீதி இரண்டின் கூடுதல் 58, வித்தியாசம் 36: 47-உம் 11-உம். இரண்டும் பகா எண்கள், முடிந்தது. 36 வித்தியாசம் 2-க்கும் இன்னொன்றுக்கும் இடையில் இருக்கலாமே என்று கேட்கும் கெட்டிக்காரப் பிள்ளைக்கு: அப்படியென்றால் அந்த எண் 38, பகு எண், கதவு மூடிக்கொண்டது.

இதில் கொஞ்சம் நுணுக்கமான கோளாறு: "2 இருந்தால் மூன்றின் கூடுதல் இரட்டை" என்று மனப்பாடம் செய்துகொண்டு வருவார்கள். 2 + 2 + 3 = 7. இரண்டு 2 வந்தால் ஒற்றை எண் ஒன்றுதான் மிஞ்சும், கூடுதல் ஒற்றை. ஆகவே கேள்வியில் "வெவ்வேறு" என்ற சொல் இருக்கிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள். அது இல்லையென்றால் ஒரே எண் திரும்பவும் வரலாம். அப்போது எண்ண வேண்டியது 2 அல்லாத எண்களை மட்டும்.

## அறிகுறி: "முதல் இத்தனை வரை உள்ள பகா எண்களின் கூடுதல்" கேட்டால் வரும் விடை கொடுத்த நான்கிலும் இல்லை

அதிகமாக வரும் கேஸ் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ஒரு அக்கா நோட்டை நீட்டி, "மூணு தடவ கூட்டிட்டனுங்க சார், 329-தான் வருது. ஆப்சன்ல இல்லீங்க" என்றார். கேள்வி, 50 வரையுள்ள பகா எண்களின் கூடுதல். நான் கூட்டலைப் பார்க்கவேயில்லை. 50 வரை பகா எண்கள் 15. 2-ஐ ஒதுக்கினால் 14. ஆகவே கூடுதல் இரட்டையாக வந்தாக வேண்டும். 329 ஒற்றை. எங்கோ ஒரு ஒற்றை எண் உள்ளே நுழைந்திருக்கிறது, அல்லது வெளியே விழுந்திருக்கிறது. பட்டியலின் தலையைப் பார்த்தேன். 1, 2, 3, 5 என்று தொடங்கியிருந்தது. 1-ஐ அடித்தவுடன் 328.

விடைக்கும் சரியான விடைக்கும் உள்ள வித்தியாசமே பெரும்பாலும் கோளாறின் பெயரைச் சொல்லிவிடும்.

ஒன்று அதிகம் (329): 1 சேர்ந்திருக்கிறது. இன்றைய வரையறையில் 1 பகா எண்ணும் அல்ல, பகு எண்ணும் அல்ல. பிள்ளையைத் திட்டாதீர்கள், 1742-இல் கோல்ட்பாக் என்ற கணித அறிஞர் எழுதிய புகழ்பெற்ற கடிதத்திலேயே 1-ஐப் பகா எண்ணாகத்தான் வைத்திருந்தார்.

இரண்டு குறைவு (326): 2 விடுபட்டிருக்கிறது. 'ஒ', 'இ' குறியை மட்டும் நம்பினால் இது அகப்படாது. 2 இரட்டை எண் என்பதால் அது போனாலும் கூடுதல் இரட்டையாகவே இருக்கும். ஆகவே குறி ஒத்துப்போனாலும் 2-ஐக் கண்ணால் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

9 அதிகம், 39 அதிகம், 49 அதிகம்: ஒற்றை எண்தானே என்று பகு எண்ணைச் சேர்த்திருக்கிறார்கள். 337 வந்தால் 9, 367 வந்தால் 39, 377 வந்தால் 49.

19 குறைவு, 29 குறைவு: அந்த எண் பட்டியலில் விடுபட்டிருக்கிறது.

100 வரை போனால் கோளாறும் வளரும். சரியான விடை 1060. எண்கள் 25, அதில் 2-ஐ ஒதுக்கினால் 24, கூடுதல் இரட்டை. 1111 வந்தால் 51 நுழைந்திருக்கிறது (3 × 17). 1117 என்றால் 57 (3 × 19). 1147 என்றால் 87 (3 × 29). 1151 என்றால் 91. இந்த 91 மாதிரி ஏமாற்றுக்காரனை நான் பார்த்ததில்லை. 3-ஆல் போகாது, 5-ஆல் போகாது, முகத்தைப் பார்த்தால் பகா எண்ணாகவே தெரியும். ஆனால் 7 × 13.

இங்கே ஒரு எச்சரிக்கை. 'ஒ', 'இ' குறி டெஸ்டர் மாதிரி. ஒத்துப்போகவில்லையென்றால் கோளாறு நிச்சயம், ஒத்துப்போய்விட்டால் கோளாறு இல்லை என்று அர்த்தமல்ல. 51-உம் 91-உம் சேர்ந்து நுழைந்தால் விடை 1202. இரட்டைதான், ஆனால் தப்பு. இரண்டு தவறுகள் சோடி சேர்ந்து ஒன்றையொன்று மறைத்துவிட்டன. அப்போது அடுத்த சோதனை, எண்ணிக்கை. 25 இருக்க வேண்டிய இடத்தில் 27 இருக்கும்.

எண்ணிக்கையும் ஏமாற்றுமா? ஏமாற்றும். 97-ஐ விட்டுவிட்டு 91-ஐ எழுதியிருந்தால் எண்கள் 25, கூடுதல் 1054, இரட்டை. இரண்டு சோதனையும் பாஸ். இதற்கென்று பத்து பத்தாகப் பிரித்த கணக்கை ஒரு அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். 1 முதல் 10 வரை நான்கு எண்கள், கூடுதல் 17. அடுத்த பத்தில் நான்கு, 60. அதன்பின் இரண்டு, 52. இரண்டு, 68. மூன்று, 131. இதுவரை 328. பிறகு 51 முதல் 60 வரை இரண்டு, 112. இரண்டு, 128. மூன்று, 223. இரண்டு, 172. கடைசிப் பத்தில் ஒன்றே ஒன்று, 97. எந்தப் பத்தில் விடை பிசகுகிறதோ அந்த வரியை மட்டும் பிரித்தால் போதும். மொத்தத்தையும் மறுபடி கூட்டுவது, ஃபியூஸ் போனதற்கு மோட்டாரையே கழற்றுவது மாதிரி.

கேள்வி "முதல் 10 பகா எண்கள்" என்று இருந்தால் கோளாறின் முகம் கொஞ்சம் மாறும். சரியான விடை 129. 1-ஐ முதல் எண்ணாக வைத்தவருக்குப் பத்தாவது எண் 23-லேயே வந்துவிடும், கூடுதல் 101. அதுவும் ஒற்றை, குறி காட்டிக்கொடுக்காது. ஆகவே பட்டியலின் வாலைப் பாருங்கள். பத்தாவது பகா எண் 29. 23-இல் நின்றிருந்தால் தலையில் 1 இருக்கிறது. 31-இல் நின்றிருந்தால் 2 விடுபட்டிருக்கிறது, விடை 158 என்று வந்திருக்கும்.

எல்லாம் சரி, ஆனாலும் விடைக்குறிப்போடு ஒத்துப்போகவில்லையா? விடைக்குறிப்பே தப்பாக இருக்கலாம். ஒரு கைடில் 50 வரைக்கும் 329 என்று அச்சாகியிருந்ததை நானே பார்த்திருக்கிறேன், 1-ஐச் சேர்த்திருந்தார்கள். ஆனால் இந்த முடிவுக்குக் கடைசியில்தான் வர வேண்டும். தலை, வால், எண்ணிக்கை, பத்துப் பத்தாகப் பிரித்த கூடுதல் நான்கும் ஒத்துப்போன பிறகு பள்ளி ஆசிரியரிடம் நோட்டோடு போங்கள். அதற்கு முன் போனால் திட்டு விழும்.

## அறிகுறி: "இரட்டைப் பகா எண்கள்" என்று கேட்டால் "2 மட்டும்தான்" என்று எழுதுகிறார்கள்

இது கணக்குக் கோளாறே இல்லை, தமிழ்ச் சொல்லால் வருவது. "இரட்டைப் பகா எண்கள்" என்றால் 2 வித்தியாசத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இரண்டு பகா எண்கள்: 3, 5 மாதிரி, 11, 13 மாதிரி. "இரட்டைப்படைப் பகா எண்" என்றால்தான் 2. சொல் கிட்டத்தட்ட ஒன்றுபோல் இருப்பதால் நல்ல பிள்ளைகளே விழுந்துவிடுகிறார்கள்.

"ஏங்கண்ணு, இரட்டைப் பிள்ளைங்கன்னா எத்தனை பேரு?" என்று கேட்பேன். "ரெண்டு பேருங்க சார்." அவ்வளவுதான் வைத்தியம். கேள்வித்தாளில் 'படை' இல்லாமல் அச்சாகியிருந்தால் கடைசி எழுத்தைப் பாருங்கள். 'எண்கள்' என்றால் பெரும்பாலும் சோடி, 'எண்' என்றால் பெரும்பாலும் 2.

கூடுதல் கேட்டிருந்தால் சோதனை இன்னும் சுலபம். சோடியில் இரண்டுமே ஒற்றை, ஆகவே கூடுதல் எப்போதும் இரட்டை. 3 + 5 = 8 என்ற ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் 12-ஆல் மீதியின்றி வகுபடும். 100-க்குள் மொத்தம் எட்டுச் சோடிகள். கூடுதல்கள் 8, 12, 24, 36, 60, 84, 120, 144. வந்த விடை இதில் இல்லையென்றால் சோடியைத் தப்பாகப் பிடித்திருக்கிறார்கள்.

## அறிகுறி: கேள்வியில் "கூடுதல்" என்ற சொல்லே இல்லை, ஆனாலும் மாட்டிக்கொள்கிறார்கள்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், மருந்து பழையதுதான்.

இருபடிச் சமன்பாட்டின் மூலங்கள் இரண்டும் பகா எண்கள், மூலங்களின் கூடுதல் 45 என்று வந்தால் மூலங்கள் 2, 43. மாறிலி 86. கூடுதல் 35 என்றால் 33 இடிக்கும், அப்படிச் சமன்பாடே இல்லை.

முக்கோணத்தின் மூன்று பக்கமும் பகா எண்கள், சுற்றளவு இரட்டை என்றால் ஒரு பக்கம் 2. மற்ற இரண்டு பக்கங்களின் வித்தியாசம் 2-ஐவிடக் குறைவாக இருந்தால்தான் முக்கோணம் மூடும். இரண்டும் ஒற்றை என்பதால் இரண்டும் சமமாகிவிடும். சுற்றளவு 28 என்றால் 2, 13, 13. சுற்றளவு 32 என்றால் 15 வரும், ஆகாது. சுற்றளவு 6 மட்டும் தனி, மூன்று பக்கமும் 2.

இரண்டு பகா எண்கள், அவற்றின் கூடுதல், வித்தியாசம் நான்குமே பகா எண்களாக வேண்டும் என்றால் 5, 2, 7, 3. வேறு கிடையாது.

## அறிகுறி: கம்ப்யூட்டரில் போட்டால் கூடுதல் தப்பாக வருகிறது

கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படிக்கும் என் அக்கா மகன் ஒரு ராத்திரி போன் செய்தான். "மாமா, இருபது லட்சத்துக்குக் கீழ இருக்கற பகா எண்களையெல்லாம் கூட்டச் சொல்லியிருக்காங்க. புரோகிராம் ஓடுது, விடை தப்புங்குது."

பெரிய எண்ணோடு மல்லுக்கட்ட வேண்டாம், எல்லையை 10 ஆக்கி ஓட்டு என்றேன். 17 வர வேண்டும்.

15 வந்தால் 3-இல் தொடங்கி இரண்டிரண்டாகத் தாவுகிற புரோகிராம், 2-ஐச் சேர்க்க மறந்திருக்கிறது. 18 வந்தால் 1 நுழைந்திருக்கிறது. 30 வந்தால் 4-உம் 9-உம் நுழைந்திருக்கின்றன. வகுத்துப் பார்க்கும் சுற்று, வர்க்கமூலத்துக்கு ஒரு படி முன்னாலேயே நின்றுவிடுகிறது என்று அர்த்தம். 'சிறியது' என்ற குறி இருக்கும் இடத்தில் 'சிறியது அல்லது சமம்' என்று மாற்ற வேண்டும்.

அந்தக் கடைசிக் கோளாறில் ஒரு வேடிக்கை. எல்லை 100 என்று வைத்தால் 4, 9, 25, 49 நான்கும் நுழையும், விடை 1060-க்குப் பதில் 1147. காகிதத்தில் 1147 வந்தால் 87 நுழைந்தது என்று மேலே சொன்னேன் அல்லவா? 4 + 9 + 25 + 49 = 87. ஒரே அறிகுறி, இரண்டு நோய். கையால் கூட்டியதா, கம்ப்யூட்டர் கூட்டியதா என்று கேட்டுவிட்டுத்தான் மருந்து சொல்ல வேண்டும்.

10 சரியாக வந்தால் எல்லையைப் பத்துப் பத்து மடங்காக ஏற்றுங்கள். 100-க்கு 1060. 1,000-க்கு 76,127. 10,000-க்கு 57,36,396. ஒரு லட்சத்துக்கு 45,43,96,537. எண்ணிக்கைகள் முறையே 25, 168, 1,229, 9,592. எண்ணிக்கை ஒற்றையாக இருக்கும்போது கூடுதல் இரட்டை, எண்ணிக்கை இரட்டையாக இருக்கும்போது கூடுதல் ஒற்றை. எண்ணிக்கையில் 2-உம் சேர்ந்திருப்பதால் இப்படித் தலைகீழாக வரும், குழம்ப வேண்டாம்.

மாப்பிள்ளைக்கு ஒரு லட்சம் வரை எல்லாம் சரியாகவே வந்தது. இருபது லட்சத்துக்கு மட்டும் 117,99,08,154. இந்த எல்லைக்குள் பகா எண்கள் 1,48,933, ஒற்றை எண்ணிக்கை. ஆகவே கூடுதல் இரட்டையாக வேண்டும், அதுவும் இரட்டையாகவே இருந்தது. மைனஸ் குறியும் இல்லை. பார்க்க ஒரு குறையும் தெரியாது. சரியான விடை 14,291 கோடியே 38 லட்சத்து 28 ஆயிரத்து 922. அவன் சி மொழியில் 32 பிட் பெட்டியில் கூட்டியிருந்தான். பெட்டி நிரம்பும்போதெல்லாம் 429,49,67,296 கழன்று விழுந்திருக்கிறது, மொத்தம் 33 முறை. கழன்று விழுவது இரட்டை எண் என்பதால் ஒற்றை இரட்டைச் சோதனை வாயைத் திறக்கவில்லை. பெட்டியை 64 பிட் ஆக்கியதும் சரியாகிவிட்டது. பைத்தானில் முழு எண்ணுக்கு இந்தத் தொல்லை கிடையாது.

64 பிட்டும் போட்டு, சின்ன எல்லைகள் எல்லாம் ஒத்துப்போய், பெரிய எல்லையில் மட்டும் பிசகினால் நான் கை வைக்க மாட்டேன். கல்லூரியில் கம்ப்யூட்டர் லேப் பார்த்துக்கொள்பவரிடம் அனுப்பிவிடுவேன்.

## அறிகுறி: இரட்டை எண்ணை இரண்டு பகா எண்களாகப் பிரிக்க வரவில்லை

ஒரு குறிப்பிட்ட எண்ணைக் கொடுத்திருக்கிறார்களா? அப்படியானால் உட்கார்ந்து தேடுங்கள், அகப்படும். சிறிய பகா எண்ணிலிருந்து ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போக வேண்டும். 100 என்றால் முதல் அடியிலேயே 3 + 97. 98 மட்டும் பாடாய்ப் படுத்தும். 3 போனால் 95, ஆகாது. 5 போனால் 93, ஆகாது. 7 போனால் நம் பழைய ஏமாற்றுக்காரன் 91. 11 போனால் 87, 13 போனால் 85, 17 போனால் 81. கடைசியில் 19 போனால் 79. 100-க்குள் இவ்வளவு தூரம் ஓடவிடும் இரட்டை எண் இது ஒன்றுதான்.

2-ஐ வைத்துத் தேடுகிறார்களா? இரட்டை எண்ணில் 2 போனால் மிச்சமும் இரட்டை. 4 = 2 + 2 என்பதைத் தவிர வேறெங்கும் அது உதவாது. ஒற்றைச் சோடியைத்தான் தேட வேண்டும்.

எல்லா இரட்டை எண்ணுக்கும் முடியும் என்று நிரூபிக்கச் சொல்கிறார்களா? இங்கே கருவிப்பையை மூடிவிடுங்கள். நிபுணரைக் கூப்பிட வேண்டிய இடம் இது, நிபுணர்களும் இன்னும் முடிக்காத வேலை. 1742 ஜூன் 7 அன்று கோல்ட்பாக், ஆய்லர் என்ற கணித மேதைக்கு எழுதிய கடிதத்திலிருந்து வந்த கேள்வி. 4-இலிருந்து 4-க்குப் பின்னால் 18 பூஜ்யம் போட்ட எண் வரை கம்ப்யூட்டரில் சோதித்துவிட்டார்கள், ஒன்றுகூடத் தப்பவில்லை. ஆனால் எல்லாவற்றுக்கும் என்ற நிரூபணம் இல்லை. ஒற்றை எண்களை மூன்று பகா எண்களின் கூடுதலாக எழுதும் பக்கம்தான் வேலை நகர்ந்திருக்கிறது. போதுமான அளவு பெரிய ஒற்றை எண்களுக்கெல்லாம் அது முடியும் என்று 1937-இல் விநோகிராதவ் நிரூபித்தார். 5-க்கு மேற்பட்ட எல்லா ஒற்றை எண்ணுக்கும் முடியும் என்ற நிரூபணத்தை 2013-இல் ஹெல்ஃப்கோட் வெளியிட்டார். இந்த வேலைக்கெல்லாம் அடிப்படையான 'வட்ட முறை' என்ற கணித உத்தி 1918-இல் ஹார்டியும் ராமானுஜனும் சேர்ந்து எழுதிய கட்டுரையிலிருந்து கிளம்பியது. ராமானுஜன் பிறந்தது நம் ஈரோட்டில், 1887-இல். இதை மட்டும் பிள்ளைகளிடம் கொஞ்சம் சத்தமாகவே சொல்வேன். பிள்ளைக்கு உண்மையிலேயே இதில் பிடிப்பு இருந்தால் கல்லூரிப் பேராசிரியரிடம் கூட்டிப் போங்கள், பின்னால் சென்னை தரமணியில் கணித அறிவியல் நிறுவனம் இருக்கிறது.

"நான் நிரூபிச்சுட்டனுங்க சார்" என்று வந்தால் முதல் வரியைப் பாருங்கள். போன வருடம் ஒரு ஒன்பதாம் வகுப்புப் பையன் மூன்று பக்கம் எழுதிக்கொண்டு வந்தான். முதல் வரி: "இரண்டு ஒற்றைப் பகா எண்களின் கூடுதல் இரட்டை, ஆகவே எல்லா இரட்டை எண்ணும் இரண்டு பகா எண்களின் கூடுதல்." காங்கேயம் காளை எல்லாமே மாடுதான் கண்ணு, மாடு எல்லாமே காங்கேயம் காளையா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றான். அப்புறம் வீட்டுக்குப் போய் 200 வரைக்கும் ஒவ்வொரு இரட்டை எண்ணையும் பிரித்து எழுதிக்கொண்டு மறுநாள் வந்தான். பக்கம் பக்கமாகச் சுத்தமான எழுத்து. 98-க்கு நேரே மட்டும் ஓர் அடித்தல் இருந்தது, கீழே இன்னும் படிக்க முடிந்தது: 7 + 91.